அருந்ததி வரைந்த கடல்

மருதனார்மடம் சந்தியில், ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் சிவரூபனின் அச்சகம் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் மை மணமும் ஏசிக் குளிரும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். அந்தக் குளிருக்குள், மூலையில் இருக்கிற பெரிய கணினிக்கு முன்னால், பத்தொன்பது வருசமாக அருந்ததி வேலை செய்கிறாள்.

மூன்று மாதம் வேலை செய்துவிட்டு வேறு இடம் பார்ப்போம் என்றுதான் வந்தவள். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்கு மயிரிழையில் தவறிப்போய், ஆறு மாதக் கணினி வகுப்பு ஒன்றை முடித்த கையோடு வந்து சேர்ந்தாள். திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்டு, டியூசன் விளம்பரம், செத்தவர்களின் வாழ்க்கையை எழுதி அந்தியேட்டியன்று கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் என்று எல்லாவற்றையும் வடிவமைப்பது அவள்தான். வந்த வேலை பிடித்துப்போயிற்று. இருந்துவிட்டாள்.

பிழை பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சிவரூபன் எல்லோருக்கும் சொல்வார். ஒருமுறை உரும்பிராயிலிருந்து ஒரு கல்யாணக் கார்டு வந்தது. இரண்டு வீட்டாரும் பார்த்து, ஐயரும் பார்த்து, சரி என்று ஒப்பமிட்டுக் கொடுத்த பிரதி. அருந்ததி அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். "முகூர்த்தம் வியாழக்கிழமை எண்டு போட்டிருக்கிறியள். அந்தத் திகதி வெள்ளிக்கிழமையெல்லோ வருது?" என்றாள். மறுமுனையில் கலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் தைப்பொங்கலுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள்.

நல்லூர்த் திருவிழா முடிந்து, நோட்டீஸ் வேலைகள் ஓய்ந்திருந்த ஆவணி மாதத்து நாளொன்றில் சாருஜா அந்த அச்சகத்துக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடலையும் காலநிலையையும் பற்றி ஆய்வு செய்கிற பெண். வயது இருபத்தெட்டு இருக்கும். தோளில் மடிக்கணினிப் பை, கையில் பென் டிரைவ்.

"அக்கா, இதிலை ஐந்நூறு பிரதி வேணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ளை தர ஏலுமோ?"

அருந்ததி கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிச் சிக்குப்பட்டுக் கிடந்தன. மறுபக்கம் இந்து சமுத்திரத்தின் படம். அதில் ஊதாவில் தொடங்கிச் சிவப்பு வரை வானவில்லின் அத்தனை நிறமும் இருந்தது.

"இது ஆர் வாசிக்கிறதுக்கு?"

"கமக்காரருக்கு. கோப்பாய்ச் சனசமூக நிலையத்திலை ஒரு கூட்டம் வைக்கிறம். வெங்காயம் நடமுதல், இந்த முறை மாரி எப்பிடி இருக்கலாம் எண்டு அவைக்குச் சொல்லவேணும்."

அருந்ததி அதை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்தாள். "குறை நினையாதேங்கோ. என்ரை மனுசனும் கோப்பாயிலை தோட்டம்தான் செய்யிறார். இதை இண்டைக்கு வீட்டை கொண்டுபோய் அவருக்கு ஒருக்காக் காட்டட்டே?"

சாருஜா தலையாட்டினாள்.

அன்று பின்னேரம் செந்தூரன் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு வந்ததும் அருந்ததி அந்தத் தாளை அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு பக்கமாகப் பார்த்தான். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"ஆரின்ரை ஈசிஜி இது? ஆளுக்கு நல்லாச் சுகமில்லைப் போலை கிடக்கு" என்றான்.

"விளையாடாதேங்கோ. இது மாரி மழையைப் பற்றினது. உங்களுக்குத்தான்."

"எனக்கெண்டால் எனக்கு விளங்கவெல்லோ வேணும்? இஞ்சை பாரும், இதிலை யாழ்ப்பாணம் எங்கை கிடக்கு எண்டே தெரியேல்லை."

மறுநாள் அருந்ததி அதை ஒளிக்காமல் சாருஜாவிடம் சொன்னாள். அவளுடைய முகம் வாடிவிட்டது. "இதுக்கு ரெண்டு வருசம் மினக்கெட்டனான், அக்கா."

"உங்கடை வேலை பிழை எண்டு சொல்லேல்லைத் தங்கச்சி. எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. எனக்கு விளங்கினால், அவருக்கு விளங்கிற மாதிரிப் போட்டுத் தருவன்."

சாருஜா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். சமுத்திரத்தின் நடுவில் மிதவைகள் விட்டிருக்கிறார்கள் என்று தொடங்கினாள்.

"மிதவை எண்டால், வலையிலை கட்டுறதே?"

"அதுதான். ஆனால் இது ஒரு ஓட்டோ அளவிலை இருக்கும். அடியிலை பெரிய பாரம் கட்டி நங்கூரம் போட்டிருக்கும். கடல் எவ்வளவு சூடு, காத்து எந்தப் பக்கம், மழை எவ்வளவு எண்டு எல்லாத்தையும் அளந்து, மேலை சுத்திற செய்மதிக்கு அனுப்பும். அந்த எண்கள் இணையத்திலை இருக்கு. ஆரும் எடுக்கலாம்."

"எடுத்து?"

"ஆபிரிக்காப் பக்கக் கடலையும் சுமத்திராப் பக்கக் கடலையும் ஒப்பிட்டுப் பாக்கிறன். சில வருசம் ஆபிரிக்காப் பக்கம் வழமையை விடச் சூடாகும், சுமத்திராப் பக்கம் குளிரும். அப்பிடியான வருசங்களிலை எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழை கூடப் பெய்யப் பாக்கும். இந்த முறையும் அப்பிடித்தான் தொடங்கியிருக்கு."

அருந்ததிக்குப் பழைய வெள்ளம் ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாரிக்கு முந்திய மாரியில், கார்த்திகை வெள்ளம் தோட்டத் தறைக்குள் நான்கு நாள் நின்று, செந்தூரன் நட்ட வெங்காயம் முழுக்க அழுகிப்போனது. அதைக் கிண்டி வெளியே எறியவே அவனுக்குப் பல நாட்கள் போயின. அதற்கான ஒரு சாடை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், யாரும் இல்லாத கடலில் ஒரு மிதவைக்கு முதலே தெரிந்திருக்கலாம் என்பது அவளுக்குப் பெரிய விசயமாகப் பட்டது.

அடுத்த மூன்று நாட்களும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினார்கள். அருந்ததி முதலில் வானவில்லைத் தூக்கி எறிந்தாள். சூட்டுக்குச் சிவப்பு, குளிருக்கு நீலம், வழமைக்கு வெள்ளை. அவ்வளவுதான். கோடுகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள்: மேற்கு மிதவைக்குச் சிவப்பில் ஒன்று, கிழக்கு மிதவைக்கு நீலத்தில் ஒன்று. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டிருந்த மாதங்களை அழித்துவிட்டுத் தை, மாசி, பங்குனி என்று எழுதினாள். சாருஜா எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணம் தெரியவேண்டும் என்பதற்காக அருந்ததி இலங்கையை இழுத்து இந்தியாவில் பாதியளவுக்குப் பெருப்பித்தபோது, "அக்கா, கடலையே மறைச்சுப் போட்டியள்" என்று சிரித்தாள். அருந்ததி மறுபேச்சில்லாமல் இலங்கையைச் சுருக்கி, அதன் தலையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

மூன்றாம் நாள், பதினெட்டு வருசத்துக்கு ஓடுகிற இரண்டு கோடுகளையும் பெரிதாக்கிச் சரிபார்த்துக்கொண்டு வந்தவளின் கை ஓரிடத்தில் நின்றது. நீலக் கோடு எல்லா இடத்திலும் நடுங்கி நடுங்கித்தான் போனது. ஆனால் ஒரு வருசத்தில் மட்டும், ஆனியிலிருந்து புரட்டாதி வரை, அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இருந்தது.

"சாருஜா, இதேன் இப்பிடி நேராய்க் கிடக்கு?"

"எது?"

"இஞ்சை. கடல் ஒருநாளும் சும்மா இருக்காதெண்டு நீர்தானே சொன்னனீர். பிறகெப்பிடி நாலு மாசம் அசையாமல் ஒரே சீராய் இறங்கினது?"

சாருஜா குனிந்து பார்த்தாள். பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து, எண்கள் நிறைந்த நீண்ட அட்டவணையை மேலும் கீழும் உருட்டினாள். அந்த நான்கு மாதத்துக்கும் எண்ணே இல்லை. மிதவை வேலை செய்யவில்லை. பற்றரி பழுதாகியிருக்கலாம், ஏதாவது கப்பல் மோதியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. சாருஜா எழுதியிருந்த புரோகிராம், எண் இல்லாத இடத்தைக் கண்டதும் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் கோடு போட்டு இணைத்துவிட்டது.

"நான் கவனிக்கேல்லை" என்றாள் சாருஜா. "மேற்குக் கடல் சூடாகி, கிழக்குக் குளிர்ந்த வருசம் எட்டு எண்டு எடுத்தனான். அதிலை ஆறு வருசம் மாரி மழை கூடினது. கோடு நேராய்க் கிடக்கிற இந்த வருசமும் அந்த எட்டிலை ஒண்டு. உண்மையிலை அப்ப கிழக்குப் பக்கம் என்ன நடந்ததெண்டே எனக்குத் தெரியாது. இந்த வருசத்தைக் கழிச்சால் ஏழிலை அஞ்சு எண்டு வரும். படத்தையும் எங்கடை பேராசிரியருக்கு முதலே காட்டிப்போட்டன்."

மடிக்கணினியை மூடிக்கொண்டே, "நாலு மாசம்தானே அக்கா. ஆரும் கண்டுபிடிக்க மாட்டினம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அருந்ததியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அருந்ததி சாப்பாட்டுப் பெட்டியை மூடி ஒரு பக்கம் வைத்தாள்.

"கல்வெட்டு அடிக்க வாற வீடுகளிலை, சில குடும்பங்களிலை ஒராள் காணாமல் போனவராய் இருப்பார். பிள்ளையளின்ரை பேர் வரிசையிலை அவரின்ரை பேரும் வரும். பக்கத்திலை 'அமரர்' எண்டு போடுறதோ விடுறதோ எண்டு என்னட்டைக் கேப்பினம். நான் ஒண்டும் போடுறதில்லை. பேரைப் போட்டு, பக்கத்திலை கொஞ்சம் இடம் விட்டு வைப்பன். இதுவரைக்கும் ஒரு தாயும் அதைப் பிழை எண்டு சொன்னதில்லை. தெரியாத இடத்தை நாங்கள் நிரப்பக்கூடாது, சாருஜா."

சாருஜா எழுந்து வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்றபடி அவள் தொலைபேசியில் கதைப்பது தெரிந்தது. சிவரூபன் அருந்ததியைப் பார்த்து என்ன என்று கண்ணால் கேட்டார். அவள் பொறுங்கோ என்று கையைக் காட்டினாள். பத்து நிமிடத்தில் சாருஜா திரும்பி வந்தாள்.

"பேராசிரியர் முதல் அந்த அட்டவணையைத் திறந்து பாத்தவர். பிறகு, திருத்திப்போட்டு அடியும், எனக்கும் ஒரு பிரதி அனுப்பும் எண்டார்" என்றாள். "ஆர் கண்டுபிடிச்சது எண்டும் கேட்டவர். மருதனார்மடத்திலை பிரஸ்ஸிலை வேலை செய்யிற அக்கா எண்டு சொன்னனான். நம்பினாரோ தெரியாது."

நீலக் கோடு அந்த இடத்தில் அறுபட்டது. நடுவில் வெறும் தாள். அதன் கீழே அருந்ததி சின்ன எழுத்தில், "இந்த மாதங்களில் மிதவை வேலை செய்யவில்லை" என்று போட்டாள். பின்பக்கத்தில் ஏழு கட்டங்கள் வரைந்து, ஐந்துக்கு நீலம் தீட்டி, இரண்டை வெறுமையாக விட்டாள். மேற்குக் கடல் சூடாகி, கிழக்குக் குளிர்ந்த ஏழு வருசத்தில் ஐந்து வருசம் மழை கூடியது, இரண்டு வருசம் கூடவில்லை. அதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது செந்தூரனிடம் அதைக் காட்டினாள். அவன் நேராகவே பிடித்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இந்த முறை வெள்ளம் வரப் பாக்குது" என்றான். பிறகு, "வராமலும் விடலாம்" என்றான். அருந்ததிக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாதி முதல் கிழமை கூட்டம் நடந்தது. சனசமூக நிலையத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சாருஜா முன்னால் நின்று கதைத்தாள். அருந்ததி பின்வரிசையில், படம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆட்களின் முகங்களைப் பார்த்தபடி இருந்தாள். சிலர் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவருக்குச் சிவப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

பெரிய தோட்டக்காரர் சிவசுப்பிரமணியம் எழும்பினார். கூட்டம் என்றால் குறுக்குக் கேள்வி கேட்காமல் போகாத மனிதர்.

"பிள்ளை, உந்தக் கோடு ஏன் உதிலை அறுந்துபோய்க் கிடக்கு?"

சாருஜா ஒருகணம் பின்வரிசையைப் பார்த்தாள். "அந்த நாலு மாசமும் மிதவை வேலை செய்யேல்லை, ஐயா. கடலிலை என்ன நடந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது. அதாலை அந்த வருசத்தைக் கணக்கிலை எடுக்கேல்லை."

அவர் தாளை இன்னொருதரம் பார்த்தார். "இந்த மண்டபத்துக்கு எத்தினையோ பேர் வந்து கதைச்சிருக்கினம். தெரியாதெண்டு சொன்ன ஆக்கள் நீங்கள்தான். சரி, மிச்சத்தைச் சொல்லும், கேப்பம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கூட்டம் இரண்டு மணித்தியாலம் நீண்டது. எந்த வருசம் வெள்ளம் வந்தது, எந்த வருசம் கிணறு வற்றியது என்று ஆளாளுக்குச் சொல்ல, சாருஜா எழுதிக்கொண்டே இருந்தாள்.

செந்தூரன் ஐப்பசியில் தன் நான்கு பரப்புக் காணியில் ஒரு பரப்பு மட்டும் நட்டான். அதுவும் வீட்டோடு ஒட்டிய மேட்டுத் தறையில். மிச்ச விதை வெங்காயத்தைக் கட்டித் தூக்கி வைத்துவிட்டு, மார்கழி வரை பொறுத்தான். பொறுப்பது லேசாக இருக்கவில்லை. ஐப்பசி முழுக்க நல்ல வெயில். பக்கத்துத் தோட்டங்களில் பச்சை பிடித்து வெங்காயத் தாள் எழும்பி நிற்க, அவனுடைய தறை உழுதபடி வெறுமையாகக் கிடந்தது. சந்தைக்குப் போகிற வழியில் ஆட்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். "என்ன செந்தூரன், இந்த முறை மனுசி சொல்லித்தான் தோட்டமோ?"

"ஓம்" என்பான் அவன். வேறெதுவும் சொல்வதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, "உம்மடை மிதவை என்ன சொல்லுது?" என்று கேட்பான். அருந்ததி இதற்குள் அந்த எண்களைத் தானே இறக்கப் பழகியிருந்தாள். கிழமைக்கு ஒருதரம், வேலை தொடங்குமுன், ஒரு புள்ளி சேர்ப்பாள். மேற்குக் கோடு இறங்கவேயில்லை. அதைத்தான் அவனுக்குச் சொன்னாள். சொன்னாலும் அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. வெறும் கட்டங்கள் இரண்டையும் அவள்தானே வரைந்தவள்.

கார்த்திகை பிறந்து ஆறாம் நாள் மழை தொடங்கியது. ஐந்து நாள் விடவில்லை. ஒழுங்கைகளில் முழங்கால் அளவு வெள்ளம் ஓடியது. பள்ளத் தறைகளில் நட்டவர்களுக்குப் பாதிக்குப் பாதி போயிற்று. மேட்டில் நட்டவர்கள் வாய்க்கால் வெட்டித் தப்பினார்கள். செந்தூரனின் ஒரு பரப்பில் ஒரு மூலை மட்டும் மஞ்சளடித்தது. மழை விட்டு, மண் காய்ந்து, மார்கழி நடுவில் மிச்ச மூன்று பரப்பையும் நட்டான். மாசி முடிய வெங்காயம் கிண்டியபோது, ஒவ்வொரு பிடியும் கனத்து, சிவந்து, கையில் நிறைந்து வந்தது. கிண்டிய அன்று அருந்ததி அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தறையில் நின்றாள். செந்தூரன் பாடிக்கொண்டே கட்டுக் கட்டினான். பாடக்கூடிய குரல் இல்லை, ஆனாலும் பாடினான்.

சிவசுப்பிரமணியத்தார் கூட்டத்தில் அவ்வளவு கேட்டும், பழக்கத்தின்படி எல்லாத் தறையிலும் ஐப்பசியிலேயே நட்டிருந்தார். அவருக்கு நட்டம்தான். அடுத்த ஆவணியில் ஒருநாள் அவர் அச்சகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏதோ கோயில் நோட்டீஸ் விசயமாக வந்தவர் போலச் சிவரூபனோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, மெல்ல மூலைப் பக்கம் வந்தார்.

"பிள்ளை, இந்த முறைப் படம் வந்திட்டுதோ?"

"இன்னும் ரெண்டு கிழமை இருக்கு, ஐயா. வந்தால் சொல்லி அனுப்புறன்."

"என்ரை போன் நம்பரை எழுதி வையும்" என்றார் அவர்.

அந்த இரண்டாம் வருசம் மேற்கும் கிழக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றன. சாருஜா வந்து, "அக்கா, இந்த முறை ஒரு பக்கமும் சொல்லேலாது" என்றாள். அதை எப்படி வரைவது என்று இருவரும் ஒரு முழுப் பின்னேரம் யோசித்தார்கள். கடைசியில் அருந்ததி கடல் முழுவதையும் வெள்ளையாக விட்டு, இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, மேலே பெரிய எழுத்தில், "இம்முறை கடல் ஒன்றும் சொல்லவில்லை, வழமைபோல் நடுங்கள், வாய்க்காலை வெட்டி வையுங்கள்" என்று போட்டாள்.

சிவரூபன் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஒண்டும் சொல்லாத நோட்டீஸுக்கு ஐந்நூறோ?"

"இந்த முறை எண்ணூறு, அண்ணை" என்றாள் அருந்ததி. "நீர்வேலியிலையிருந்தும் கேட்டிருக்கினம்."

அவர் சிரித்துக்கொண்டே இயந்திரத்தை ஓடவிட்டார். ஈரம் காயாத தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அருந்ததி முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மாதங்களின் பெயர்களைத் தையிலிருந்து மார்கழி வரை ஒருதரம் சரிபார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. திருப்தியோடு அதை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, பூப்புனித நீராட்டு விழாக் கார்டு ஒன்றுக்காகக் காத்திருந்த தாயிடம், "வாங்கோ, இருங்கோ. பிள்ளையின்ரை படம் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.